ஓடும்போதே மாறும் பரவல் அமைப்பு: கூறு மாதிரியில் எதைப் பார்ப்பது?

கேள்வி சுருக்கமாக இது: பல கணினிகளில் பரவி ஓடும் ஒரு மென்பொருளை நிறுத்தாமலேயே அதன் கூறுகளைச் சேர்க்க வேண்டும், கழற்ற வேண்டும், புதுப் பதிப்புக்கு மாற்ற வேண்டும். ஃபிராக்டல் (ஆய்வகத்தில் பிறந்த கூறு மாதிரி), ஓஎஸ்ஜிஐ (ஜாவாவுக்கான கூறுத் தரநிலை), எர்லாங் (நிரலாக்க மொழி), குபர்நெட்டிஸ் (கண்டெய்னர்களை நிர்வகிக்கும் தளம்) என்று ஆளுக்கொன்றைச் சொல்கிறார்கள். எந்தக் கூறு மாதிரியை, அதாவது கூறுகளை எப்படி வரையறுத்து எப்படிப் பிணைப்பது என்ற விதித்தொகுப்பை, எடுப்பது?

பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள். எந்த மாதிரியானாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இரண்டு கூறுகளுக்கு இடையிலான பிணைப்பு யார் கையில் இருக்கிறது? அது கூறின் நிரலுக்குள்ளேயே புதைந்து கிடந்தால், வெளியிலிருந்து யாராலும் அதை அவிழ்த்து வேறிடத்தில் கட்ட முடியாது. அப்படிப்பட்ட அமைப்பில் ‘டைனமிக்’ என்பது ரீஸ்டார்ட்டுக்கு வைத்த செல்லப்பெயர். பிணைப்பு கூறுக்கு வெளியே, மூன்றாம் தரப்பு ஒன்றின் கையில் இருந்தால்தான் மேற்கொண்டு பேசவே முடியும்.

சாதாரண ஜாவா கிளாஸ் ஒன்றைப் பாருங்கள். தான் தருவதை மட்டும் அது அறிவிக்கிறது. தனக்கு என்னென்ன வேண்டும் என்பதை அறிய நிரலைத் திறந்து படிக்க வேண்டும். கூறு மாதிரி சேர்ப்பது இந்த மறுபாதியைத்தான். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜெஃப் கிரேமரும் ஜெஃப் மெகியும் 1980களில் கானிக் என்ற அமைப்பைச் செய்தபோது, கூறின் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் தனித்தனி வாசல்கள் வைத்து, அவற்றை இணைக்கும் வேலையை நிரலாக்க மொழியிலிருந்து பிரித்து வேறொரு கட்டமைப்பு மொழிக்குக் கொடுத்தார்கள். பிறகு வந்த டார்வின் மொழியில் அது ‘தருவது’, ‘வேண்டுவது’ என்று ஆனது. பரவல் நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கான தரநிலையான கோர்பா, 2002இல் அதன் 3ஆம் பதிப்பில் கொண்டுவந்த கூறு மாதிரியில் அதற்கு ஃபேசட், ரிசப்டக்கிள் என்று பெயர். ஃபிராக்டலில் சர்வர் இடைமுகம், கிளையன்ட் இடைமுகம். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்காமிலும் ரிசப்டக்கிள்தான். பெயர் மாறினாலும் சங்கதி ஒன்றே: கூறு தனக்கு வேண்டியதை ஒரு காலி சாக்கெட்டாக நீட்டுகிறது, அதில் யார் வந்து மாட்டுவார்கள் என்பது அதற்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

இந்தக் கருத்தைத் துல்லியமாக எழுதி வைத்தது ஃபிராக்டல். பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனமும் பிரான்ஸ் டெலிகாமும் சேர்ந்து 2000களின் தொடக்கத்தில் வடிவமைத்தது. ஒவ்வொரு கூறுக்கும் உள்ளடக்கம், அதைச் சுற்றி ஒரு சவ்வு. சவ்வில் கட்டுப்படுத்திகள் உட்கார்ந்திருக்கும்: பிணைப்பைக் கட்டவும் அவிழ்க்கவும் ஒன்று, உள்ளே இருக்கும் துணைக்கூறுகளைச் சேர்க்க நீக்க ஒன்று, தொடக்கம் நிறுத்தத்துக்கு ஒன்று, அளவுருக்களை மாற்ற ஒன்று. ஒரு கிளையன்ட் இடைமுகம் கட்டாயமா விருப்பமா, ஒன்றா பலவா என்பதும் அறிவிப்பிலேயே இருக்கும். கட்டாய இடைமுகம் காலியாக இருந்தால் கூறு தொடங்காது. ஓடும் கூறின் பிணைப்பை அவிழ்க்கப் போனால், ஜூலியா என்ற அதன் ஜாவா செயலாக்கம் ‘முதலில் நிறுத்து’ என்று பிழையை எறியும். சின்னக் கண்டிப்புதான், பாதி அவிழ்த்த நிலையில் அழைப்பு போய் விழும் ரகப் பிழைகளை அது வாசலிலேயே தடுத்துவிடுகிறது. ஃபிராக்டலைப் பரவல் கணிப்புக்கு நீட்டித்த ஜிசிஎம் மாதிரி, ஒரு அழைப்பைப் பல கூறுகளுக்குப் பிரித்து அனுப்பும் இடைமுகத்தையும் பல அழைப்புகளை ஒன்றாகத் திரட்டும் இடைமுகத்தையும் சேர்த்தது.

ஆனால் ‘நிறுத்து’ என்று ஒரு சொல்லில் முடித்த இடத்தில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. எந்த நொடியில் நிறுத்தினால் பாதுகாப்பு?

ஒரு சீட்டுப் பதிவு அமைப்பை எடுத்துக்கொள்வோம். வாசல் என்ற கூறு கோரிக்கையை வாங்கிப் பதிவு என்ற கூறுக்குத் தருகிறது. பதிவு முதலில் விலைக் கூறிடம் தொகையைக் கேட்கிறது, இருக்கையைப் பிடிக்கிறது, கடைசியில் அதே விலைக் கூறிடம் இறுதித் தொகையை உறுதிசெய்துகொண்டு கட்டணத்துக்கு அனுப்புகிறது. விலைக் கூறின் பழைய பதிப்பு வரியைச் சீட்டுவாரியாக முழு எண்ணாக்கும். புதிய பதிப்பு மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே தடவை முழு எண்ணாக்கும். சீட்டு ஒன்று 105, வரி 5 சதவீதம், 3 சீட்டு. பழையது: ஒரு சீட்டுக்கு வரி 5.25, அது 5 ஆகும், சீட்டு 110, மொத்தம் 330. புதியது: 315க்கு வரி 15.75, அது 16 ஆகும், மொத்தம் 331. முதல் கேள்விக்குப் பழையது 330 என்று சொல்லிவிட்டது. இருக்கையைப் பிடிப்பதற்குள் மாற்றம் நடந்துவிட்டது. இரண்டாவது கேள்விக்குப் புதியது 331 என்கிறது. இடைமுகம் மாறவில்லை, டைப் பொருந்துகிறது, இரண்டு பதிப்பும் தனித்தனியாகச் சோதனையில் தேறியவை. ஆனாலும் பரிவர்த்தனை தோற்றது. விலைக் கூறு அந்த நொடியில் சும்மாதான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். ‘எந்த அழைப்பும் உள்ளே ஓடவில்லை’ என்பது மட்டும் பாதுகாப்புக்குப் போதாது.

இதற்கு முதல் ஒழுங்கான விடை 1990இல் அதே கிரேமர், மெகி கட்டுரையில் வந்தது. அவர்கள் சொன்ன குவைசென்ஸ், அதாவது அமைதி நிலை, நான்கு நிபந்தனை கொண்டது: கூறு தான் தொடங்கிய பரிவர்த்தனை எதிலும் இப்போது இல்லை, புதிதாக எதையும் தொடங்காது, பிறர் பரிவர்த்தனை எதற்கும் இப்போது வேலை செய்யவில்லை, அதன் சேவை தேவைப்படும் பரிவர்த்தனை எதையும் வேறு யாரும் தொடங்கியிருக்கவும் இல்லை, தொடங்கப்போவதும் இல்லை. கடைசி நிபந்தனைதான் விலை உயர்ந்தது. நம் எடுத்துக்காட்டில் விலைக் கூறு ஒன்றை மாற்ற, பதிவையும் வாசலையும் சேர்த்துக் கட்டிப்போட வேண்டும். பரிவர்த்தனைகள் முடியக்கூடியவை என்றால் இந்த நிலை கண்டிப்பாக வந்துசேரும். வந்தபின் தானாகக் கலையாது. இந்த இரண்டு உறுதிக்காகத்தான் அந்த விலை.

இங்கே செயலாக்குபவர்கள் வழக்கமாக ஒரு தப்புச் செய்கிறார்கள். அந்தக் கட்டுரையில் ‘செயலற்ற’ நிலைக்குப் போன கூறு புதிதாக எதையும் தொடங்காதே தவிர, பிறர் கேட்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். அதை ‘எல்லாக் கோரிக்கையையும் தடு’ என்று புரிந்துகொண்டால் டெட்லாக் நிச்சயம். நிறுத்தச் சொன்னதும் உள்வரும் அழைப்புகளைத் தடுத்து, உள்ளே ஓடும் அழைப்புகளின் எண்ணிக்கை பூஜ்யமாகும்வரை காத்திருக்கும் எளிய கவுன்ட்டர் முறையை எடுங்கள். பதிவு விலையை அழைக்கிறது, விலை ஒரு விவரத்துக்காகப் பதிவையே திரும்ப அழைக்கிறது என்றால், பதிவை நிறுத்திய கணமே அந்தத் திரும்ப அழைப்பு பதிவுக்குள் நுழைய முடியாமல் வெளியே நிற்கும். அது முடியாமல் விலை பதில் தராது. விலை பதில் தராமல் பதிவின் கவுன்ட்டர் இறங்காது. இதற்கு மருந்து, ஒவ்வொரு அழைப்பிலும் மூலப் பரிவர்த்தனையின் அடையாள எண்ணைக் கூடவே அனுப்புவது. ஏற்கெனவே உள்ளே நடக்கும் பரிவர்த்தனையின் எண்ணோடு வந்தால் விடு, புது எண் என்றால் நிறுத்து. இந்த எண்ணைக் கடத்தும் வசதி சவ்விலோ இணைப்பியிலோ (கூறுகளுக்கு நடுவே அழைப்பைக் கொண்டுசேர்க்கும் பகுதி) இல்லாத மாதிரியைப் பரவல் அமைப்புக்கு எடுக்காமல் இருப்பது நல்லது.

அமைதி நிலை அதிகமாக முடக்குகிறது என்பதால் 2007இல் வான்டேவூட், எப்ரார்ட், பெர்பர்ஸ், டோன்ட் ஆகியோர் டிராங்குவிலிட்டி என்ற இளகிய நிபந்தனையை முன்வைத்தார்கள். பக்கத்துக் கூறு ஒன்றின் பரிவர்த்தனையில் இந்தக் கூறு ஏற்கெனவே பங்கெடுத்து, இனியும் பங்கெடுக்கக்கூடும் என்ற இடைவெளியில் மட்டும் மாற்றக் கூடாது. இன்னும் பங்கெடுக்கவில்லை அல்லது பங்கு முடிந்துவிட்டது என்றால் மாற்றலாம். வாசலைக் கட்டிப்போடத் தேவையில்லை. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எந்த நேரமும் 40 பதிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் அமைப்பில் யாராவது ஒருவர் நடு இடைவெளியில் இருந்துகொண்டே இருப்பார், ஆக அந்தக் கணம் வராமலே போகலாம். வந்தாலும் நிலைக்காது, வந்த உடனே கதவைச் சாத்த வேண்டும். மூன்றாவது ஓட்டை நுட்பமானது. இந்த வரையறை, பரிவர்த்தனையைத் தொடங்கியவர் நேரடியாகப் பேசும் கூறுகளை மட்டும் கணக்கில் எடுக்கிறது. வாசலே முதலில் விலையைக் கேட்டுத் திரையில் காட்டி, பிறகு பதிவை அழைத்து, பதிவு தன் பங்குக்கு விலையைக் கேட்டால் இரண்டும் தனித்தனிப் பரிவர்த்தனையாகத் தெரியும். நடுவில் மாற்ற அனுமதி கிடைத்துவிடும். மீண்டும் 330, 331.

2011இல் மா, பரேசி, கெஸ்ஸி முதலானோர் முன்வைத்த பதிப்பு இசைவு இந்த ஓட்டையை அடைத்தது. மூலப் பரிவர்த்தனை ஒன்றும் அதன் கிளைகள் எல்லாமும் ஒரு கூறின் பழைய பதிப்பையே முழுக்கப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் புதியதையே முழுக்கப் பார்க்க வேண்டும். எந்தப் பரிவர்த்தனை எந்தக் கூறை இனி தொடக்கூடும், எதை ஏற்கெனவே தொட்டுவிட்டது என்பதைக் கூறுகளுக்கு இடையே ஓடும்போதே குறித்துக்கொண்டே போவார்கள்.

நடைமுறையில் நிலையை, அதாவது அழைப்புகளுக்கு நடுவே நினைவில் வைக்கும் தரவை, தனக்குள் வைத்திருக்காத கூறுகளுக்கு இதை மலிவாகச் செய்ய ஒரு வழி உண்டு. பழையதையும் புதியதையும் அருகருகே ஓட விடுங்கள். வாசலில் மூலப் பரிவர்த்தனை நுழையும்போதே பதிப்பு எண்ணை முத்திரையாகக் குத்துங்கள். இணைப்பி அந்த முத்திரையைப் பார்த்து வழி அனுப்பட்டும். மிக நீண்ட பரிவர்த்தனை 90 வினாடி ஓடும் என்றால், புது முத்திரை தொடங்கியதிலிருந்து குறைந்தது 90 வினாடி பழையதை விட்டு வையுங்கள். பழைய முத்திரையோடு ஒன்றும் நடப்பில் இல்லை என்று கவுன்ட்டர் சொன்ன பிறகே அணையுங்கள். யாரையும் தடுக்கவே வேண்டியதில்லை. நினைவகம் சிறிது நேரம் இரட்டிப்பாகும், அவ்வளவுதான்.

எந்தப் புள்ளியில் மாற்றினால் சரி என்பதைக் கருவியே தானாகக் கண்டுபிடித்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. பொதுவாக அது தீர்மானிக்க முடியாத சிக்கல் என்று 1996இல் குப்தா, ஜலோட்டே, பருவா நிறுவிவிட்டார்கள். பாதுகாப்பான புள்ளி எது என்பதை நிரல் எழுதுபவர்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல ஓர் இடத்தை மாதிரி தர வேண்டும்.

தடுத்தே ஆக வேண்டிய இடங்களில், தடுக்கும் நேரத்தைக் கணக்குப் போடாமல் இறங்கக் கூடாது. வினாடிக்கு 800 கோரிக்கை வருகிறது, கூறு 1000 வரை தாங்கும், 3 வினாடி நிறுத்தினோம் என்று வையுங்கள். மீண்டும் தொடங்கும்போது வரிசையில் 2400 நிற்கும். உபரித் திறன் வினாடிக்கு 200 மட்டும் என்பதால் வரிசை வடிய 12 வினாடி. அழைப்பவரின் டைம்அவுட் 2 வினாடி என்றால்? நிறுத்தம் தொடங்கியபோது வந்தவர் 3 வினாடி நிற்பார். முடியும்போது வந்தவர் தனக்கு முன்னால் இருக்கும் 2400 பேர் முடிய 2.4 வினாடி நிற்பார். ஆகவே அந்த 3 வினாடியில் வந்த அனைவரும் தோற்பார்கள். வரிசை 2000க்குக் கீழே இறங்க மேலும் 2 வினாடி ஆகும். அதுவரை வருபவர்களும் தோற்பார்கள். நிறுத்தியது 3 வினாடி, போனது 5 வினாடிக்கான 4000 கோரிக்கை. இதோடு தோற்றவர் ஒவ்வொருவரும் ஒரே ஒரு முறை மறுபடி முயன்றால் வரத்து 1600 ஆகிவிடும். 1000 தாங்கும் கூறு அதிலிருந்து தானாக எழாது. ‘மாற்றம் வெற்றி’ என்று பதிவேடு சொல்லும், அமைப்பு கிடையில் கிடக்கும்.

இதைத் தடுக்க இணைப்பியின் வரிசைக்கு உச்சவரம்பு வேண்டும்; அழைப்பவரின் காலக்கெடு கோரிக்கையோடு கூடவே பயணிக்க வேண்டும்; கெடு தாண்டியதைக் கூறிடம் தராமல் இணைப்பியே தூக்கி எறிய வேண்டும். இந்தக் கணக்கில் நிறுத்தம் அரை வினாடிக்குள் இருந்தால் யாரும் தோற்க மாட்டார்கள். 400 பேர் வரிசை, அதிகபட்சக் காத்திருப்பு அரை வினாடி.

அரை வினாடிக்குள் முடிக்க விடாமல் தடுப்பது பெரும்பாலும் நிலைக் கடத்தல். கூறின் உள்ளே 2 ஜிபி நிலை இருந்து, வலையின் வேகம் 1 ஜிகாபிட் என்றால், அனுப்ப மட்டும் 16 வினாடி. நிறுத்திவிட்டு நகலெடுத்தால் கதை முடிந்தது. மெய்நிகர் இயந்திரங்களை ஓடும்போதே இடம் மாற்றும் முறையைத்தான் இங்கும் கடன் வாங்க வேண்டும்: ஓடவிட்டே நகலெடு, அதற்குள் மாறியதை மட்டும் மறுபடி எடு. வினாடிக்கு 5 எம்பி மாறுகிறது என்றால் முதல் சுற்று 16 வினாடி, அதற்குள் மாறியது 80 எம்பி. இரண்டாம் சுற்று 0.64 வினாடி, மாறியது 3.2 எம்பி, இப்போது நிறுத்திக் கடைசிச் சுற்றை எடுத்தால் சுமார் 26 மில்லிவினாடி. மாறும் வேகம் வலையின் வேகத்தை நெருங்கினால் இது ஒடுங்காது. அப்போது நிலையைக் கூறிலிருந்து பிடுங்கி வெளிச் சேமிப்பில் வைப்பதே வழி. ஆக, மாதிரியில் நிலைக்கு இரண்டு வாசல் இருக்க வேண்டும்: முழு நகல் தருவது, ‘அதற்குப் பின் மாறியது’ தருவது. முதலாவது மட்டும் உள்ள மாதிரிகளே அதிகம்.

நிலையின் வடிவம் மாறும்போது என்ன செய்வது என்பதை எர்லாங் போல நேராகக் கையாண்ட தளம் குறைவு. ஒரு மாட்யூலின் இரண்டு பதிப்பு, நடப்பும் பழையதும், ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருக்கலாம். மாட்யூல் பெயரோடு சேர்த்து அழைக்கும்போது ப்ராசஸ் புதியதற்குத் தாவும். எர்லாங்கோடு வரும் ஓடிபி நூலகத்தில், மேம்படுத்தும்போது ப்ராசஸை இடைநிறுத்தி, பழைய நிலையைத் தந்து புதிய நிலையை வாங்கும் ‘கோட் சேஞ்ச்’ ஃபங்ஷனை அழைத்து, மறுபடி ஓட விடுவார்கள். எந்த மாட்யூல் எதை நம்பியிருக்கிறது என்று மேம்படுத்தல் கோப்பில் எழுதினால், அழைப்பவரை முதலிலும் அழைக்கப்படுபவரைப் பிறகும் இடைநிறுத்தும் வரிசையை அதுவே அமைக்கும். அமைதி நிலையின் சாயல் இதில் தெரியும். கோட்டைவிடும் இடங்கள் மூன்று. மூன்றாவது பதிப்பை ஏற்ற வேண்டுமானால் பழையதை முதலில் துடைத்தாக வேண்டும். அப்போது அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் கொல்லப்படும். இடைநிறுத்தத்தின்போது மெயில்பாக்ஸில் சேர்ந்த செய்திகள் பழைய வடிவத்தில் இருக்கும். புது நிரல் அவற்றையும் புரிந்துகொள்ள வேண்டும். ஓடிபியின் சர்வர் வார்ப்பான ஜென்சர்வரில் அழைப்பின் இயல்பு டைம்அவுட் 5 வினாடி. நிலையை மாற்றும் ஃபங்ஷன் பெரிய அட்டவணையை அதற்கு மேல் மென்றுகொண்டிருந்தால் அழைத்தவர்கள் வரிசையாகச் சாவார்கள்.

இனி ‘பரவல்’ என்ற சொல்லுக்கு வருவோம். ஒரே கணினிக்குள் பிணைப்பு என்பது ஒரு சுட்டி. இரண்டு கணினிக்கு நடுவே அது இரண்டு பாதி: அழைப்பவர் பக்கம் ஒன்று, அழைக்கப்படுபவர் பக்கம் ஒன்று, நடுவே பெயர்ச் சேவை, கேச், திறந்த இணைப்புகள். அவிழ்த்துவிட்டோம் என்று மாதிரியின் வரைபடம் காட்டும். கம்பியில் இன்னும் பழையது ஓடிக்கொண்டிருக்கும். ஜாவா வழக்கமாக ஒரு டிஎன்எஸ் விடையை (பெயருக்கு உரிய முகவரியை) 30 வினாடி வைத்திருக்கும். தொலை அழைப்பு நூலகமான ஜிஆர்பிசி ஒரே எச்டிடிபி 2 இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லா அழைப்பையும் அதிலேயே தள்ளும்; குபர்நெட்டிஸ் சர்வீஸ் இணைப்புவாரியாகத்தான் பங்கிடும் என்பதால் புதிதாகச் சேர்த்த நகல்களுக்கு வேலையே போகாது. சர்வர் பக்கம் இணைப்பின் உச்ச ஆயுளை நாமே குறிப்பிட வேண்டும். விட்டுவிட்டால் அது முடிவிலி.

மாற்றத்தை நடத்தும் ஒருங்கிணைப்பாளர் நடுவில் செத்தால் இன்னும் மோசம். மூன்று கூறுகளைச் செயலற்றதாக்கிவிட்டு நான்காவதுக்குப் போகுமுன் அது விழுந்தால், அந்த மூன்றும் யாருக்காகவோ காத்துக்கொண்டே நிற்கும். ஆகவே ‘செயலற்றதாகு’ என்ற கட்டளை எப்போதும் குத்தகையாகத்தான் போக வேண்டும்: 10 வினாடிக்குள் நீட்டிப்போ அடுத்த கட்டளையோ வரவில்லை என்றால் பழைய பிணைப்போடு நீயே தொடங்கிக்கொள். இதுவும் போதாது. ஒருங்கிணைப்பாளர் சாகாமல் நினைவகக் குப்பை சேகரிப்பில் 15 வினாடி உறைந்துபோய், எழுந்து ஒன்றும் அறியாமல் அடுத்த கட்டளையை அனுப்பும். அதற்குத்தான் கட்டமைப்பு எண். ஒவ்வொரு மறுசீரமைப்புக்கும் ஏறிக்கொண்டே போகும் எண் ஒன்றை எட்சிடி, ஜூகீப்பர் போன்ற ஒருமித்த முடிவு எடுக்கும் சேமிப்பிலிருந்து வாங்க வேண்டும். குத்தகை காலாவதியானால் கூறு அந்த எண்ணை ரத்தானதாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணிலோ அதற்குக் கீழோ வரும் கட்டளையை ஏற்கக் கூடாது. கூறுகளுக்கு இடையிலான சாதாரண அழைப்பிலும் எண் போக வேண்டும், பழைய உலகத்திலிருந்து தாமதமாக வந்த செய்தியை அடையாளம் காண.

வரிசையும் முக்கியம். புதியதை ஏற்று, அது வேண்டும் என்று நீட்டும் சாக்கெட்டுகளை எல்லாம் முதலில் மாட்டு, நிலையின் முதல் சுற்று நகலைத் தொடங்கு. இதுவரை யாரையும் தொடவில்லை, எங்கே தோற்றாலும் புதியதைக் கொன்றுவிட்டுப் போய்விடலாம். பிறகு அழைப்பவர்களைச் செயலற்றதாக்கு, கடைசிச் சுற்று நகல், பிணைப்பை மாற்று, புதிய எண்ணை எழுது. எழுதிய கணம்தான் திரும்ப முடியாத கோடு. அதன்பின் தோற்றால் பின்னால் போகக் கூடாது, முன்னால்தான் போக வேண்டும். பலர் பழைய கூறை முதலில் நிறுத்திவிட்டுப் புதியதை ஏற்றுகிறார்கள். புதியதன் கட்டாய இடைமுகம் ஒன்று பிணையாமல் போனால் இரண்டும் இல்லாமல் நிற்பார்கள்.

இந்த அளவுகோலோடு மற்ற இரண்டைப் பார்ப்போம். ஓஎஸ்ஜிஐயில் பிணைப்பு சேவைப் பதிவேட்டின் வழியாக நடக்கிறது. சேவை வரும், போகும், அறிவிப்பு கிடைக்கும். கையால் சேவையை எடுத்து ஃபீல்டில் வைத்துக்கொண்டு, அது போன அறிவிப்பைக் கவனிக்காமல் விட்டால், செத்த பண்டிலின் (ஓஎஸ்ஜிஐயில் கூறு வரும் பொதி) கிளாஸ்லோடர் மொத்தமும் நினைவகத்தில் தங்கும். ஒவ்வொரு மேம்படுத்தலுக்கும் ஒன்று சேரும். டிக்ளரேட்டிவ் சர்வீஸஸ் என்ற ஓஎஸ்ஜிஐ வசதி இதைக் கவனித்துக்கொள்ளும். ஆனால் இயல்பான கொள்கை ஸ்டாட்டிக். சார்ந்த சேவை மாறினால் கூறையே அணைத்துப் புதிதாக எழுப்பும், அதன் நிலை போகும், அதைச் சார்ந்தவையும் சங்கிலியாக விழுந்து எழும். டைனமிக் என்று மாற்றினாலும் இயல்பான விருப்பம் தயக்கமானது. மேலான சேவை வந்தும் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். ‘மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை’ என்ற புலம்பலில் பாதி இதுதான். இன்னொன்று: ஏபிஐயையும் செயலாக்கத்தையும் ஒரே பண்டிலில் வைக்காதீர்கள். பண்டிலை அப்டேட் செய்தபின் ரிஃப்ரெஷ் செய்யும்வரை பழைய பேக்கேஜோடுதான் மற்றவை பிணைந்திருக்கும். ரிஃப்ரெஷ் செய்தால் அந்தப் பேக்கேஜை இறக்குமதி செய்த எல்லாப் பண்டிலும் கீழே போய் மேலே வரும். ஒரு ஜாவா மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓஎஸ்ஜிஐ நன்றாக வேலை செய்கிறது. 2009இன் 4.2 பதிப்பு முதல் தொலைச் சேவைகளும் உண்டு. ஆனால் ‘சேவை போய்விட்டது’ என்பதும் ‘வலை சற்று அறுந்தது’ என்பதும் அதில் ஒரே அறிவிப்பாக வந்து நிற்கும். பிரித்தறிவது உங்கள் பொறுப்பு.

குபர்நெட்டிஸைக் கூறு மாதிரியாக நினைப்பவர்கள் அதிகம். பாட் (ஒன்றாக ஓடும் கண்டெய்னர்களின் தொகுப்பு) எதைத் தருகிறது என்பது அதற்குத் தெரியும். எதை வேண்டுகிறது என்பது தெரியாது, அது ஏதோ ஒரு சூழல் மாறியில் எழுதிய முகவரியாக உள்ளே கிடக்கிறது. ஆகவே யாரை முதலில் செயலற்றதாக்குவது என்று அதனால் கணக்குப் போட முடியாது. உருளும் மேம்படுத்தலில் இயல்பாக 25 சதவீதம் கூடுதலாக ஏற்றி, 25 சதவீதம் வரை இறக்கும். பழையதும் புதியதும் கலந்தே பதில் சொல்லும், 330-331 சிக்கல் அப்படியே இருக்கிறது. பாட் ஒன்றை நிறுத்தும்போது, ‘முடித்துக்கொள்’ என்னும் டெர்ம் சிக்னலும் முகவரிப் பட்டியலிலிருந்து நீக்கமும் இணையாக நடக்கும், ஒன்று மற்றதற்குக் காத்திருக்காது. அதனால்தான் சிக்னல் வந்ததும் காதைப் பொத்திக்கொள்ளும் சர்வர்கள் ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் கோரிக்கையை இழக்கின்றன. நிறுத்துவதற்கு முந்தைய ஹூக்கில் 5 முதல் 10 வினாடி உறக்கம் வைத்தால் சரியாகும். ஆனால் அந்த உறக்கமும் 30 வினாடி இயல்புக் கெடுவுக்குள்ளேயே கழியும், எஞ்சிய நேரத்துக்குள் நீண்ட பரிவர்த்தனை முடியாவிட்டால் உடனே கொல்லும் கில் சிக்னல் விழும். குபர்நெட்டிஸ் கூறுகளை நட்டு வளர்க்கும் நிலம். மாதிரியை அதன்மேல் நீங்கள் வைக்க வேண்டும்.

மாறும் சுதந்திரத்துக்கு வேலி போடுவது பற்றியும் ஒரு வார்த்தை. யார் வேண்டுமானாலும் எதையும் எதோடும் பிணைக்கலாம் என்றால் ஆறு மாதத்தில் வரைபடமும் ஓடும் அமைப்பும் வேறு வேறாகிவிடும். ப்ராக் சார்லஸ் பல்கலைக்கழகத்தின் சோஃபா 2 என்ற கூறு மாதிரி இதில் கண்டிப்பானது: புதுக் கூறைத் தொழிற்சாலைக் கூறு வழியாகச் சேர்ப்பது, சேர்த்ததை நீக்குவது, சேவை இடைமுகத்தின் சுட்டியைக் கைமாற்றித் தருவது என்று சில வடிவங்களில் மட்டும் மாற்றத்தை அனுமதித்தது. தொடக்கத்தில் இவ்வளவு போதும் என்று இருப்பதே நல்லது. தேவை வரும்போது வேலியைத் தள்ளிப் போடலாம், இல்லாத வேலியைப் பின்னால் கட்டுவது கடினம்.

ஆகத் தேர்வு இப்படி அமையும். ஒரே இயந்திரத்துக்குள் ஜாவா பிளக்இன்கள் வந்துபோக வேண்டும் என்றால் ஓஎஸ்ஜிஐ. ஆயிரக்கணக்கான சிறிய, நிலையுள்ள ப்ராசஸ்கள், இணைப்பை அறுக்கவே கூடாது என்றால் எர்லாங். நிலையற்ற சேவைகள் என்றால் கண்டெய்னர்களும் முத்திரை பார்த்து வழிவிடும் இணைப்பியும் போதும். முழுக் கூறு மாதிரி வீண் சுமை. நிலையுள்ள கூறுகள் ஒன்றையொன்று நம்பி, அவற்றின் உள்கட்டமைப்பே ஓடும்போது மாற வேண்டும் என்றால் ஃபிராக்டல் வகை மாதிரி. நூலகத்தை அப்படியே எடுக்காவிட்டாலும் வெளிப்படையான வேண்டல், சவ்வு, பிணைப்புக் கட்டுப்பாடு ஆகிய மூன்றையும் உங்கள் தளத்திலேயே கட்டிக்கொள்ளுங்கள்.

எதை எடுத்தாலும் சோதனையைச் சும்மா இருக்கும் அமைப்பில் செய்யாதீர்கள். அங்கே எல்லா மாதிரியும் தேறிவிடும். உச்ச நேரக் கோரிக்கை வரத்தின் 80 சதவீதத்தைச் செலுத்திக்கொண்டே அதே கூறைப் பழையது, புதியது, பழையது என்று நூறு முறை மாற்றுங்கள். ஒவ்வொரு பத்தாவது முறையும் ஒருங்கிணைப்பாளரை வேறொரு படியில் கொல்லுங்கள். இன்னொரு முறை கொல்லாமல் 15 வினாடி உறைய வையுங்கள். நூறும் முடிந்தபின் நினைவகம் தொடங்கிய அளவுக்குத் திரும்பியிருக்கிறதா, செயலற்று நிற்கும் கூறு ஏதாவது மிச்சம் இருக்கிறதா, ஒரே மூலப் பரிவர்த்தனையில் இரண்டு பதிப்பின் முத்திரை எங்காவது விழுந்திருக்கிறதா என்று பதிவேட்டில் தேடுங்கள். திரும்பவும் பழையதற்கு மாறும் பாதையில்தான் முதல் பிழை வழக்கமாக மாட்டும். புதிய நிலையைப் பழைய வடிவத்துக்கு மாற்றும் ஃபங்ஷனை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.